அப்பா 1967-இல் போட்ட பின்னல் சட்டை மாதிரி ஒன்று இன்று எங்கே கிடைக்கும்?

வைகைக்கரை (கேள்வி)

அப்பாவுக்கு வருகிற தை மாதம் எண்பது நிறைகிறது. விழாவுக்காகப் பழைய புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1967-இல் கொடைக்கானல் ஏரிக்கரையில் எடுத்த படம் ஒன்று அகப்பட்டது. அதில் அவர் போட்டிருக்கும் சட்டையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. காலர் வைத்த அரைக்கைப் பின்னல் சட்டை. முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு வெளிர்க் கோடுகள். இடுப்பில் ரிப் பட்டை (இழுத்தால் விரிந்து சுருங்கும் வரிப் பின்னல்) வைத்து, பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே கச்சிதமாக நிற்கிறது.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையையே எடுத்துக் கொடுத்துவிட்டார்! பாச்சை உருண்டை வாசத்தோடு இருக்கிறது. அரக்கு நிறம், கோடுகள் சந்தன நிறம். பினாங்கில் இருந்த அப்பாவின் தாய்மாமா வாங்கி வந்ததாம். கழுத்துப் பட்டியில் பாதி அழிந்த எழுத்துகளில் 'பான்-லான்' என்று தெரிகிறது. எனக்கு மார்பில் இறுக்கம், போட முடியவில்லை.

விழா அன்று மாலை, அப்பா பக்கத்தில் அதே மாதிரிச் சட்டையோடு நிற்க வேண்டும் என்று ஆசை. இணையத்தில் பழைய பாணி போலோ என்று ஒன்றை வரவழைத்தேன். கோடுகள் பின்னியவை அல்ல, அச்சடித்தவை. நீளம் கால்சட்டைப் பையையும் மூடியது. ஒரே சலவையில் காலர் நுனிகள் வற்றல் போலச் சுருண்டுவிட்டன. இத்தகைய சட்டை எங்கே கிடைக்கும், எப்படிப் பார்த்து வாங்குவது, மதுரை வெயிலுக்கு ஒத்துவருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊத்துக்குளிக்காரன்

திருப்பூர் காதர்பேட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஏற்றுமதியில் மிஞ்சிய போலோ சட்டைகள் குவியல் குவியலாக இருக்கும். காலையிலேயே போனால் பிரித்துப் பார்க்கக் கடைக்காரர்கள் பொறுமையாக விடுவார்கள். போன மாதம் நல்ல கனமான பிக்கே துணிச் சட்டை இரண்டு, ஒவ்வொன்றும் முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன்.

நூல்கண்டு

தம்பி, நான் திருப்பூரில் இருபத்தாறு ஆண்டுகள் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தவன். காதர்பேட்டைக்குப் போகச் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் அப்பாவின் சட்டை அங்கே குவிந்து கிடக்கும் போலோவின் இனம் அல்ல. இது தெரியாமல் போனால் நாள் முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். சட்டையை உள்பக்கம் திருப்பி, தோளும் கையும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தையலுக்கு ஒரு விரற்கடை தள்ளி, சின்னச் சின்னப் புள்ளிகள் சாய்வாக வரிசை கட்டி நிற்கின்றனவா? நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். பின்னும்போதே கண்களை, அதாவது பின்னலின் நூல் வளையங்களை, குறைத்துக் குறைத்து, கை வளைவுக்கு வடிவம் கொடுத்த தடம் அது. அப்படிச் செய்த சட்டையில் துணியைக் கத்தரியால் வெட்டியிருக்கமாட்டார்கள். முன்பாகம், பின்பாகம், கை என்று ஒவ்வொன்றையும் அதனதன் வடிவத்திலேயே பின்னி எடுத்து, கண்ணோடு கண் கோத்து இணைத்திருப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் அது காலர் வைத்த மெல்லிய ஸ்வெட்டர்.

திருப்பூர்ப் போலோ வேறு வழியில் வந்தது. வட்டமான நிட்டிங் மெஷினில் துணி குழாயாக இறங்கும். அதை விரித்து, அடுக்கி, கட்டிங் மாஸ்டர் வெட்டி, ஓவர்லாக்கில் தைப்பார்கள். இதன் மூதாதை டென்னிஸ் சட்டை. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்ட் 1926-இல் அமெரிக்க டென்னிஸ் போட்டியில் அரைக்கைப் பின்னல் சட்டையோடு இறங்கினார். மற்றவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு வியர்வையில் நனைந்துகொண்டிருந்த காலம் அது. 1933-இல் ஆந்த்ரே ஜில்லியே என்ற பின்னலாடை முதலாளியோடு சேர்ந்து அதையே வியாபாரமாக்கினார். ஜில்லியேயின் ஊர் பிரான்சில் துருவா. நம் திருப்பூர் போல அதுவும் பனியனும் காலுறையும் பின்னிப் பிழைத்த ஊர். தேன்கூடு போல் கண் விட்ட பிக்கே துணி அந்தச் சட்டையால்தான் உலகமெங்கும் பரவியது. காற்று உள்ளே போகும், உடம்பில் ஒட்டாது.

இரண்டுமே எனக்குப் பிடித்தவை. ஆனால் உங்கள் கண் நின்றது ஸ்வெட்டர் வகையில். அதை மனதில் வைத்துத் தேடுங்கள்.

அந்த 'பான்-லான்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். நைலான் இழையைச் சுருள வைத்துப் புசுபுசுவென்று ஆக்கும் ஒரு முறைக்கு, 1954 வாக்கில் அமெரிக்காவின் ஜோசப் பான்கிராஃப்ட் நிறுவனம் வைத்த பெயர் அது. கசங்காது, சாயம் போகாது, சலவை செய்தால் சீக்கிரம் காயும். அதனால்தான் ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்தும் அரக்கு நிறம் அப்படியே இருக்கிறது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. கொடைக்கானலில் அப்பா சுகமாகப் போட்டிருப்பார். மதுரையில் நீங்கள் போட்டால் அரை மணி நேரம் தாங்கமாட்டீர்கள். அதே வடிவம், பருத்தி நூல். அதுதான் உங்களுக்கு வேண்டியது.

காதர்பேட்டையில் போலோக் குவியலை விட்டுவிட்டு, குளிர்கால ஆர்டரில் மிஞ்சிய மெல்லிய பருத்தி ஸ்வெட்டர்கள் வைத்திருக்கும் கடையைக் கேளுங்கள். எப்போதாவது அரைக்கை, காலர் வைத்தது வந்து சேரும். அது அதிர்ஷ்டம். லூதியானாதான் இந்த வகைக்கு ஊர். அங்கே கம்பளியோடு பருத்தியும் பின்னுகிறார்கள். 12 கேஜ் அல்லது 14 கேஜ் என்று கேளுங்கள். கேஜ் என்பது பின்னும் மெஷினில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. எண் கூடக் கூடப் பின்னல் நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். 7 கேஜ் என்றால் தடித்த குளிர்ச்சட்டை, நமக்கு ஆகாது.

கடையில் எடுத்ததும் காலரைப் பிடித்துப் பாருங்கள். சிலர் மார்பில் இருக்கும் சின்னத்தைப் பார்ப்பார்கள். அதனால் ஒன்றும் தெரியாது. காலரை இரு விரலால் நுனியில் இழுத்து விடுங்கள். உடனே பழைய இடத்துக்குத் திரும்பினால் நூலும் பின்னலும் நன்று. அலை அலையாக நின்றால் வைத்துவிடுங்கள், இரண்டு சலவையில் சுருளும். உங்களுக்கு வந்தது அந்த ரகம். பிறகு பட்டன் பட்டியின் அடிநுனி. அங்கே தையல் சதுரமாக அழுத்தமாக இல்லாவிட்டால் முதலில் கிழிவது அந்த இடம். துணியைக் குறுக்கே லேசாகத் திருகிப் பாருங்கள். பக்கத் தையல் ஏற்கெனவே முன்னால் ஓடி வந்திருந்தால், சலவைக்குப் பின் இன்னும் ஓடும்.

நீளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். இப்போதைய போலோ நடுத்தர அளவில் 28 அங்குலம் வரை வருகிறது. பழைய தோற்றம் வேண்டுமானால் 38 அங்குல மார்புக்கு, தோள் உச்சியிலிருந்து ரிப்பின் அடிவரை 25, மிஞ்சினால் 26. கை, புஜத்தின் பாதியில் நிற்க வேண்டும். கைக்குழி உயரமாக இருக்க வேண்டும். கைக்குழி தாழ்ந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டை முழுவதும் மேலே ஏறும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் எந்த நிறமானாலும் பழைய சட்டைதான்.

எங்கும் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளுங்கள். திருப்பூரில் போலோவின் காலரைப் பின்னுவது தட்டையான மெஷின். அதே மெஷினில் இடுப்பு ரிப்பும் கை ரிப்பும் பின்னித் தருவார்கள். துணியும் ரிப்பும் ஒரே சாயத் தொட்டியில் இறங்கினால்தான் நிறம் ஒத்துப்போகும். ஒரு சட்டைக்காக யாரும் மெஷினை ஓட்டமாட்டார்கள். ஆனால் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று இருபது பேருக்குச் சேர்த்தால் சின்ன யூனிட்டுகள் எடுத்துக்கொள்ளும். உடலுக்கு இன்டர்லாக் துணி போடுங்கள். இரண்டு பக்கமும் வழவழப்பாக, ஸ்வெட்டரின் சாயலில் விழும். சந்தனக் கோட்டை அச்சடிக்கவே கூடாது. அரை அங்குலத் துணிப்பட்டையை வெட்டிச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.

நூல் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் டெர்பிஷயரில் லீ மில்ஸ் என்ற ஆலையில், 1784-இல் தொடங்கிய ஜான் ஸ்மெட்லி நிறுவனம் 'சீ ஐலண்ட்' பருத்தியில் இந்த வகைச் சட்டைகளைப் பின்னிப் பேர் வாங்கியது. கையில் எடுத்தால் பட்டு போல வழுக்கும். அந்தப் பருத்தியின் ரத்தம் நம்மிடமும் இருக்கிறது. 1970-களில் கோவையில் சுஜாதா ரகத்தையும், சீ ஐலண்ட் இனத்தைச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து 'சுவின்' உருவாக்கினார்கள். இரண்டு பெயரின் முதலெழுத்துகள்தான் சு-வின். மிக நீண்ட இழை. விலை அதிகம், கிடைப்பதும் அரிது. ஆனால் சுவின் நூலில் செய்த சாம்பிளை ஒருமுறை வீட்டுக்கு எடுத்துப்போய் என் அப்பாவிடம் கொடுத்தேன். தறி நெய்த கை அது. சட்டையைப் பிரிக்கக்கூட இல்லை, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ப் பஞ்சு?" என்று கேட்டார். நம் ஊருடையது என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வெள்ளாவி

துவைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் கணவரிடம் இப்படிப்பட்ட சட்டை நான்கு இருக்கின்றன, பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கொடியில் தொங்கவிடாதீர்கள். ஈரப் பின்னலுக்குக் கனம் அதிகம், தன் பாரத்திலேயே இழுத்துக்கொண்டு நீளும். குளிர்ந்த தண்ணீரில் உள்பக்கம் திருப்பி அலசி, முறுக்காமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு கயிற்றுக் கட்டிலில் துண்டு விரித்து, அதன் மேல் சட்டையைப் படுக்க வைத்து, நிழலில் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே காலரைக் கையால் நீவி வடிவத்தில் வைத்துவிட்டால் இஸ்திரி தேவைப்படாது. அலமாரியில் ஹேங்கரிலும் மாட்டக் கூடாது, தோளில் கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிடும். மடித்து வையுங்கள்.

அப்பாவின் அந்த நைலான் சட்டையில் மட்டும் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள் தம்பி. உருகிவிடும்.

தேரடி

நான் கும்பகோணத்தில் இவற்றைத்தான் தினமும் போடுகிறேன், வெயிலுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. நூல்கண்டு ஐயா சொன்ன நீளத்தில் சட்டை கிடைத்தால், இப்போது விற்கும் தாழ்ந்த இடுப்புக் கால்சட்டையோடு போட முடியாது, குனிந்தால் முதுகு தெரியும். தையல்காரரிடம் தொப்புள் அளவுக்கு இடுப்பு வைத்து, முன்னால் ஒரு மடிப்போடு கால்சட்டை தைத்துக்கொள்ளுங்கள். ரிப் பட்டை அந்த இடுப்பின் மேல் வந்து உட்காரும்போதுதான் அந்தப் படத்தின் தோற்றமே வரும். சட்டையை உள்ளே சொருகாதீர்கள். ரிப் வைத்ததே வெளியே விடத்தான். மார்பில் பை இருந்தால் கைபேசி வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் அந்தப் பக்கம் தொங்கிவிடும். உள்ளே கையில்லாத வெள்ளைப் பனியன் போட்டால் மெல்லிய பின்னலில் அதன் ஓரம் அப்படியே தெரியும். நான் சாம்பல் நிறத்தில் கை வைத்த பனியன் போடுகிறேன்.

வைகைக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நூல்கண்டு ஐயா, சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன சாய்வான புள்ளிகள் இரண்டு தோளிலும் இருக்கின்றன! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். பக்கத்துக்குப் பதினான்கு. இத்தனை வருடத்தில் தானே கவனித்ததில்லை என்றார். சித்தப்பா பிள்ளைகளையும் மச்சான்களையும் சேர்த்து இதுவரை பதினேழு பேர் ஆகியிருக்கிறோம்.

நூல்கண்டு

பதினேழு போதும், நான் பேசிப் பார்க்கிறேன். அப்பாவின் சட்டையைத் தபாலில் அனுப்ப வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும். மேசையில் தட்டையாக விரித்து, இழுக்காமல், அளவெடுத்து எழுதுங்கள்: காலர் நுனியின் நீளம், பட்டன் பட்டியின் நீளம், இடுப்பு ரிப்பின் உயரம், இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நிறத்துக்குப் புகைப்படம் உதவாது. உள்தையலில் இருந்து இரண்டு அங்குல நூல் எடுக்க முடிந்தால், அதை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி அனுப்புங்கள். அதை வைத்துச் சாயப்பட்டறையில் அரக்கைப் பிடித்துவிடலாம். தைக்கு முன் துணி சாயத்துக்கும், பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்குக்கும் போய் வர வேண்டும். கார்த்திகை பிறப்பதற்குள் அளவு என் கைக்கு வந்தால் நல்லது. அப்பாவுக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பதினெட்டாக.