ராயபுரம் ஸ்டேஷன்தான் இந்தியாவிலேயே பழசா?

கேள்வி:
போன வாரம் முதல் முறையாக ராயபுரத்தில் இறங்கினேன். அந்தப் பெரிய தூண்களைப் பார்த்து அசந்துவிட்டேன். இந்தியாவின் முதல் ஸ்டேஷனே இதுதான் என்கிறான் நண்பன். பள்ளியில் பம்பாய் என்றுதானே படித்தோம்? ஒரு பிரியாணி பந்தயத்தில் இருக்கிறது.

பதில் (பழைய சீசன் டிக்கெட்):
நீங்கள் படித்தது சரி, நண்பர் சொல்வது பாதி சரி. முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் போனது. அடுத்து 1854இல் ஹவுரா. அப்புறம்தான் நாம். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. தென்னிந்தியாவுக்கு அதுதான் முதல். ஆனால் போரிபந்தரின் அந்தக் காலத்துக் கட்டடம் இப்போது இல்லை, அங்கே விக்டோரியா டெர்மினஸ் வந்துவிட்டது. இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் மூத்தது ராயபுரம்தான்.

திருவொற்றியூரிலிருந்து பீச்சுக்கு ஒன்பது வருடம் சீசன் டிக்கெட்டில் போனவன் நான். ஒருநாள்கூட அந்தத் தூண்களை நின்று பார்த்ததில்லை. காசிமேட்டு மீன் கூடைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் கிடைத்ததா என்பதுதான் அப்போதைய கவலை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்றே போய்ப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். இவ்வளவு பெருமை இருந்தும் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது?

பதில் (பழைய சீசன் டிக்கெட்):
1873இல் சென்ட்ரல் வந்தது, 1908இல் எழும்பூர். வெளியூர் வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமை அலுவலகமாவது ராயபுரத்தில் இருந்தது. 1922இல் அதுவும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறியது. 2005இல் பழைய கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். வண்டிகளைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?

பதில் (தாம்பரம் வாசி):
1931இல் மின்சார ரயில் ஓடியதும் இங்கிருந்துதானே?

பதில் (பழைய சீசன் டிக்கெட்):
இல்லை, அது பீச்–தாம்பரம், மீட்டர் கேஜ். ராயபுரம் பக்கம் பிராட் கேஜ். அடுத்தடுத்த ஸ்டேஷன்தான், ஆனால் அப்போது தண்டவாளத்தின் அகலமே வேறு. எங்கள் வண்டி உங்கள் பாதையில் ஓடவே முடியாது என்றிருந்தது. தாம்பரம் போக வேண்டுமென்றால், பீச்சில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. உங்கள் பாதையில் மீட்டர் கேஜ் 2004 வரை இருந்ததே, மறந்துவிட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
சரி சார், பிரியாணி யார் வாங்க வேண்டும்?

பதில் (பழைய சீசன் டிக்கெட்):
பாதி சரி என்றேனே. நண்பருக்கு அரை பிளேட் சொல்லுங்கள்.