மெய்நிகர் கணினியில் காஸ்மிக் டெஸ்க்டாப் மந்தமாக இயங்குவது ஏன்?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகளாக உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில், க்னோம் டெஸ்க்டாப்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்து வருகிறேன். மூலமும் பெயர்ப்பும் எப்போதும் அருகருகே திறந்திருக்க வேண்டும் என்பதால், சன்னல்களைத் தானாகவே அடுக்கித் தரும் காஸ்மிக் டெஸ்க்டாப் எனக்குப் பொருந்தும் என்று தோன்றியது. அதன் முதல் நிலையான பதிப்பு 2025 டிசம்பரில் பாப் ஓஎஸ் 24.04 என்னும் லினக்ஸ் இயங்குதளத்துடன் வெளிவந்ததும், கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக (மெய்நிகர் கணினியாக) இயக்கும் விர்ட் மேனேஜரில் 4 ஜிபி நினைவகம் ஒதுக்கி நிறுவினேன். ஆனால் சன்னலை நகர்த்தினால் அது சுட்டிக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. செயலியும் ஓயாமல் உழைக்கிறது. மடிக்கணினியில் இருப்பது இன்டெல் வரைகலை. இதை வைத்துக் காஸ்மிக்கே மந்தமானது என்று முடிவு செய்யலாமா?

மறுமொழி 1

அப்படி முடிவு செய்ய வேண்டாம். காஸ்மிக், லினக்ஸில் திரைக்காட்சியைக் கையாளும் புதிய முறையான வேலேண்டில் மட்டுமே இயங்குவது; திரையில் தெரியும் ஒவ்வொரு சன்னலையும் வரைகலைச் சில்லின் துணையோடு கோத்துக் காட்டுவது. மெய்நிகர் கணினிக்கு அந்தச் சில் எட்டாதபோது, எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள் அந்த வேலை முழுவதையும் செயலியின் தலையில் ஏற்றிவிடுகிறது. நீங்கள் காணும் தயக்கம் அதனால் வருவதாகவே இருக்கும்.

மெய்நிகர் கணினியை முழுமையாக அணைத்துவிட்டு, அமைப்புகளில் வீடியோ மாதிரியை 'விர்ட்டியோ' ஆக்கி, 3டி முடுக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'டிஸ்ப்ளே ஸ்பைஸ்' பகுதியில் 'லிசன் டைப்' என்பதை 'நன்' ஆக்கி, ஓப்பன்ஜிஎல்லையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓப்பன்ஜிஎல்லை விட்டுவிட்டு 3டி முடுக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் மெய்நிகர் கணினி பிழை காட்டித் தொடங்க மறுக்கும். பலரும் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

மறுமொழி 2

மேலே நண்பர் கூறியது சரி. இன்னொன்றையும் கவனியுங்கள். காஸ்மிக்கின் குறுக்குவழிகளில் பெரும்பாலானவை சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னமுள்ள விசை) சார்ந்தவை. சூப்பர் விசையுடன் ஒய் அழுத்தினால் சன்னல் அடுக்கல் இயங்கத் தொடங்கும். அந்த விசையை உங்கள் உபுண்டுவே பறித்துக்கொண்டால், பழகிப் பார்ப்பதற்கு வாய்ப்பே இருக்காது. ஆகவே மெய்நிகர் கணினியின் திரைக்குள் சொடுக்கி, விசைப்பலகை முழுவதும் அதன் வசம் சென்றுள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டச்சு செய்வதையும் இப்போதே சோதித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குச் சன்னல் அடுக்கலைவிட அதுவே முதன்மையானது என்பது என் கருத்து. மின்கலம், தொடுபலகைச் சைகைகள், உறக்கநிலை ஆகியவற்றைப் பற்றி மெய்நிகர் கணினி எதையும் சொல்லாது. அவற்றுக்கு யுஎஸ்பியிலிருந்து நேரடியாகத் தொடக்கிப் பார்ப்பதே வழி.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு மாற்றங்களையும் செய்தபின், வரைகலை விவரத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்த இடத்தில் இப்போது விர்ஜிஎல் என்று, அதாவது மடிக்கணினியின் வரைகலைச் சில் பயன்படுவதாக, காட்டுகிறது. சன்னல்களும் தயக்கமின்றி நகர்கின்றன. தமிழ்99-ஐ இன்றிரவு நிறுவிப் பார்த்துவிட்டு, யுஎஸ்பி சோதனையை வார இறுதியில் செய்கிறேன்.