அறையில் சமைப்பதா, மெஸ்ஸே போதுமா? வெளியூரில் தங்கி வேலை பார்ப்பவர்களின் சாப்பாட்டுக் கணக்கு

ஒத்தக்குக்கர் | ஞாயிறு காலை 9:10
போன வாரம் இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். சென்னையில் முதல் வேலை, சம்பளம் 18,000, சாப்பாட்டுக்கே 6,000 போயிடுது, ஊருக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சலைன்னு. பதில் போட்ட எல்லாரும் "வேற மெஸ் பாருங்க"ன்னுதான் சொன்னாங்க. எனக்கு அது சரியாப் படலை.

திருவல்லிக்கேணியில் மூணு வருஷமா தனி அறையில் இருக்கேன். என்கிட்ட இருக்கிறது ஒரு லிட்டர் ரைஸ் குக்கர், ஒரு கத்தி, ரெண்டு டப்பா. அவ்வளவுதான். என் ஒரு நாள் கணக்கு இது: அரிசி கால் கிலோ 15 ரூபாய், பாசிப்பருப்பு 60 கிராம் 8, முட்டை ரெண்டு 13, காய் 20, ஆவின் நீலப் பாக்கெட்டில் பாதி 10, எண்ணெய், மிளகு, சீரகம் எல்லாம் சேர்த்து 8, ஒரு வாழைப்பழம் 6. மொத்தம் 80. மாசத்துக்கு 2,400. மெஸ்ஸில் காலை 40, மதியம் 90, ராத்திரி 60 போட்டா 5,700 ஆகுது.

சமைக்கத் தெரியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு சாப்பாடு சொல்றேன். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, நறுக்கின கேரட், பீன்ஸ், ரெண்டு பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள், உப்பு, நாலு டம்ளர் தண்ணீர். சுவிட்சைப் போட்டுட்டுக் குளிக்கப் போங்க. மேலே இருக்கிற ஆவித்தட்டில் ரெண்டு முட்டை வெச்சா அதுவும் வெந்துடும். கை வேலை 12 நிமிஷம்தான். இதுக்கும் நேரமில்லைன்னா அது சோம்பேறித்தனம்.

நைட்ஷிஃப்ட்_நாகை | ஞாயிறு காலை 10:02
அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் எழுதுறேன் அண்ணா.

நான் ராத்திரி 9 மணிக்குப் போய் காலை 7 மணிக்குத் திரும்புறவன். நீங்க சொன்ன 12 நிமிஷம் நறுக்குறதுக்கு மட்டும். காய் வாங்கப் போற நேரம்? பாத்திரம் கழுவுற நேரம்? எங்க மேன்ஷனில் ஒரு மாடிக்கு ஒரே குழாய், காலை 8 மணிக்கு மேல தண்ணி நின்னுடும். கழுவாத குக்கரோட தூங்கி எழுந்தா அறை முழுக்கக் கரப்பான்.

கரண்டையும் கணக்கில் விட்டுட்டீங்க. வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு இருந்தாலும் மேன்ஷன்ல இருக்கிற நமக்கு அது வந்து சேர்றதில்லை. எங்க ஓனர் யூனிட்டுக்கு 12 ரூபாய் வாங்குறார். அதுபோக, ஒரு ஆளுக்குக் காய் வாங்கினா பாதி அழுகுது. ஒரு முட்டைக்கோசை தனி ஆளா நாலு நாள் சாப்பிட்டுப் பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு. மெஸ்ஸில் நாலு பேர் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுறேன். பரிமாறுற அக்கா "ஏன் தம்பி ரெண்டு நாளா ஆளக் காணோம்"னு கேக்குறாங்க. ஊரை விட்டு வந்தவனுக்கு அதுவும் ஒரு சாப்பாடுதான்.

ஒத்தக்குக்கர் | ஞாயிறு காலை 10:30
கரண்டை விட்டது என் தப்பு. என் குக்கர் 400 வாட், ஒரு தடவைக்கு அரை மணி நேரம், ரெண்டு வேளைக்கு 0.4 யூனிட். உங்க ஓனர் விலையிலேயே பார்த்தாலும் நாளைக்கு 5 ரூபாய்க்குள்ள. 2,400ஐ 2,550ன்னு வெச்சுக்கோங்க. அப்பவும் பாதிக்கும் கீழேதான்.

தாம்பரம்_தோழி | ஞாயிறு காலை 11:15
ரெண்டு அண்ணன்களும் ஆண்கள் மேன்ஷனை வெச்சே பேசுறீங்க. எங்க லேடீஸ் ஹாஸ்டல்ல அறையில் சமைக்கவே கூடாது. போன மாசம் கெட்டிலைக்கூட வார்டன் எடுத்துட்டுப் போயிட்டாங்க. வாடகையோட சேர்த்து மூணு வேளைக்கும் காசு கட்டியாச்சு, ஆனா வேலை முடிஞ்சு 9:30க்கு வந்தா சாதம் தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் தனியா தள்ளுவண்டி தேடிப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால ராத்திரியில் பிஸ்கட்டும் டீயும்னு ஆறு மாசம் ஓட்டினேன். முடி கொட்ட ஆரம்பிச்சப்போதான் பயம் வந்தது.

இப்போ அடுப்பே இல்லாம சாப்பிடுறேன். கெட்டி அவலைக் கழுவி, கொஞ்சம் தண்ணி தெளிச்சு 10 நிமிஷம் வெச்சா மெத்துன்னு ஆயிடும். அதில் தயிர், உப்பு, பச்சை மிளகாய், கைநிறைய வறுத்த வேர்க்கடலை. இன்னொரு நாள் அதே அவல், வெல்லம், வாழைப்பழம், தேங்காய்த் துருவல். பாசிப்பயறை காலையில் ஊறப்போட்டு ராத்திரி துணியில் கட்டி வெச்சா மறுநாள் முளை விட்டுடும், எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடலாம். அம்மா அரைச்சுக் கொடுத்த சத்துமாவு அவசரத்துக்கு இருக்கு. அதை வறுத்துத்தான் அரைச்சிருக்காங்க, ஹாஸ்டல் சுடுதண்ணியில் கரைச்சாலே போதும். இருபத்தஞ்சு ரூபாய்க்கு மேல ஒரு வேளைக்கு ஆகறதில்லை.

சமைக்கத் தெரிஞ்சும் சமைக்க விடாத இடத்தில் இருக்கிறவங்களை சோம்பேறின்னு சொல்லாதீங்க.

ஒத்தக்குக்கர் | ஞாயிறு காலை 11:40
மன்னிச்சுக்கம்மா. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிறேன். நாகை தம்பிகிட்டயும்தான்.

செவிலி_அக்கா | ஞாயிறு மதியம் 1:20
நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். காசுக் கணக்கு போட்டீங்க, சத்துக் கணக்கு போடலையே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்) சொல்ற அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஒத்தக்குக்கர் தம்பியோட பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன்: அரிசியில் 18, பருப்பில் 14, முட்டையில் 12, பாலில் 8. ஐம்பதைத் தாண்டிடுது. நல்ல சாப்பாடு, ஆனா கீரை இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை அந்தக் குக்கரிலேயே போடுங்க. மெஸ் சாப்பாட்டில் வயிறு நிறையும், ஆனா தண்ணியா ஓடுற சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும்? நாகை தம்பி, மெஸ்ஸை விடச் சொல்லலை. கூட ரெண்டு அவிச்ச முட்டையோ ஒரு கை வேர்க்கடலையோ சேர்த்துக்கோங்க. முட்டை சாப்பிடாதவங்க மீல்மேக்கர் வாங்குங்க. 100 கிராமில் 50 கிராம் புரதம் இருக்கு, விலையும் குறைவு.

இப்போ நான் எழுத வந்த விஷயம். காலையில் ஆக்கின சோற்றை மூடி வெச்சு ராத்திரி சூடுபண்ணிச் சாப்பிடுற பழக்கம் பேச்சிலர் அறைகளில் நிறைய. சென்னைச் சூட்டில் அது ஆபத்து. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி வளரும். அது விடுற ஒரு நஞ்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாது. வாந்தியோடு வர்ற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜ் இல்லைன்னா ஒரு வேளைக்கு மட்டும் ஆக்குங்க.

பழைய_பேச்சிலர் | ஞாயிறு மதியம் 2:05
அக்கா, பழைய சோறும் ஆபத்தா? எங்க அப்பா காலம் முழுக்க அதைத்தானே குடிச்சாங்க.

செவிலி_அக்கா | ஞாயிறு மதியம் 2:20
மூடி வெச்ச சோறு வேற, தண்ணி ஊத்தின சோறு வேற. ஆறினதும் நல்ல தண்ணி ஊத்தினா ராத்திரியில் தயிரில் இருக்கிற மாதிரியான பாக்டீரியா வளர்ந்து புளிக்கும், அந்தப் புளிப்பு மத்த கிருமிகளைத் தலையெடுக்க விடாது. காலையிலேயே சாப்பிட்டுடணும், சாயங்காலம் வரைக்கும் வைக்கக் கூடாது. வாடை மாறியிருந்தா கொட்டிடுங்க.

பழைய_பேச்சிலர் | ஞாயிறு மதியம் 2:50
நன்றிக்கா. நான் மூணாவது வழி ஒண்ணு சொல்றேன். 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகம் ஆரம்பிச்ச சமயம் நான் வேலையில்லாம நாலு மாசம் இருந்தேன். காலையில் ஒரு ரூபாய் இட்லி அஞ்சு, மதியம் 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம். அன்னைக்கு 13 ரூபாயில் ரெண்டு வேளை முடிஞ்சது. கூச்சப்பட்டு முதல் நாள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். ரெண்டாவது நாள் உள்ளே போனா என்னை மாதிரியே கழுத்தில் ஆபீஸ் ஐ.டி. கார்டு இல்லாத பத்துப் பேர் நின்னு சாப்பிட்டுட்டு இருந்தாங்க. சம்பளம் வர்ற வரைக்குமாவது அந்தத் தம்பி காலை வேளையை அங்கே முடிக்கலாம்.

நைட்ஷிஃப்ட்_நாகை | ஞாயிறு மாலை 5:30
இப்பதான் தூங்கி எழுந்தேன். முட்டை விஷயம் எனக்குச் சரி. ஆனா மெஸ்ஸை விட மாட்டேன். மாச டோக்கன் எடுத்தா எங்க மெஸ்ஸில் மதியச் சாப்பாடு 75க்கு வருது, மோர், பொரியல், கூட்டோட. அந்த ஒரு வேளை வெளியே. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ராத்திரி சாப்பாடு வேணும்னா குக்கரில் ஆக்கிப் பார்க்கலாம். ஆனா ஒண்ணு அண்ணா, துவரம்பருப்பை ஒரு தடவை எலக்ட்ரிக் குக்கரில் போட்டு வேகவே இல்லை. அதோட விட்டவன் நான்.

ஒத்தக்குக்கர் | ஞாயிறு மாலை 6:00
அதனாலதான் பாசிப்பருப்புன்னு எழுதினேன். துவரம்பருப்புக்கு பிரஷர் வேணும், இல்லைன்னா ஒரு மணி நேரம் ஊற வைக்கணும். தக்காளி, புளி ரெண்டையும் பருப்பு வெந்த பிறகுதான் போடணும், முதலிலேயே புளிப்பு சேர்ந்தா பருப்பு விறைச்சு நிக்கும்.

புதுசு_2000 | ஞாயிறு இரவு 9:45
வணக்கம், அந்த 18,000 தம்பி நான்தான். எல்லாத்தையும் படிச்சேன். எங்க அறையில் மூணு பேர். மத்த ரெண்டு பேரும் காசு போட ரெடி. எத்தனை லிட்டர் குக்கர் வாங்கணும் அண்ணா?

ஒத்தக்குக்கர் | ஞாயிறு இரவு 9:52
1.8 லிட்டர் வாங்குங்க தம்பி. அது 700 வாட் இழுக்கும், ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. ஆவித்தட்டு கூட வருதான்னு பார்த்து வாங்குங்க. மூணு பேர்னா காயும் அழுகாது.

நைட்ஷிஃப்ட்_நாகை | ஞாயிறு இரவு 10:15
ப்ரேக்ல இருக்கேன் தம்பி. குக்கர் வாங்குறதுக்கு முன்னாடி, என்னைக்கு யார் பாத்திரம் கழுவுறதுன்னு எழுதிச் சுவத்தில் ஒட்டுங்க. எங்க பழைய அறையில் மூணு பேரும் பிரிஞ்சது அந்த ஒரு விஷயத்தில்தான்.