மூன்று ஆண்டாகப் பாதியில் நிற்கும் கிராஸ் ஸ்டிச். இதை வைத்துக்கொண்டு புதுத் தையல் கற்கலாமா?

கடல்நீலம்:

வணக்கம் தோழிகளே. மூன்று ஆண்டாக என் பிரேமில் ஒரு படம் நிற்கிறது. ஏரிக்கரை, கரையோரம் அடர்ந்த மரங்கள், நடுத்தண்ணீரில் ஒரு பாய்மரப் படகு. 14 கவுண்ட் ஐடா துணி (அங்குலத்துக்கு 14 கட்டம்), குறுக்கே 180 கட்டம், நெடுக்கே 240 கட்டம், 62 நிறம். துணி ஓரிடத்தில்கூடத் தெரியாமல் நிரப்ப வேண்டிய படம், ஆக 43,200 தையல். பத்துக்குப் பத்து சதுரமாகப் பிரித்தால் 432 சதுரம். நான் முடித்திருப்பது 151.

அம்மாவுக்காக ஆரம்பித்தது. படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். வரும்போதெல்லாம் பிரேமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "படகு இன்னும் வரலையா?" என்று கேட்பார். பாய்மரம் மட்டும்தான் வந்திருக்கிறது, அதிலும் கோளாறு.

முதலில் மரங்களைச் சொல்கிறேன். பச்சையில் மட்டும் 14 நிறம். ஒரே சதுரத்துக்குள் 11 நிறம் வரும், அதில் நாலைந்து நிறத்துக்கு ஒரே ஒரு தையல்தான். நூல் கோத்து, ஒன்று போட்டு, பின்னால் செருகி, வெட்டி, அடுத்த நூல். ஒரு சதுரம் முடிய மூன்று மாலை ஆகிறது. தண்ணீர்ப் பகுதியில் அதே மூன்று மாலையில் ஐந்து சதுரம் போட்டவள் நான்.

அடுத்தது பாய்மரம். அதன் மேல்பாதியை மரங்களோடு சேர்த்து முன்பே போட்டுவிட்டேன். கீழ்ப்பாதிக்கு இடக்கரையிலிருந்து தண்ணீரை எண்ணிக்கொண்டு வந்தேன். 37 கட்டம் என்பதை 38 ஆக எண்ணியிருக்கிறேன். துணியில் கோடு போடாத காலம் அது. நான்கு மாதத்துக்கு முன்பு நீல மார்க்கரால் கோடு போட்டபோதுதான் பாய்மரம் நடுவில் முறிந்தது போல ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்பது கண்ணில் பட்டது. கீழே 34 வரிசை அப்படியே போட்டிருக்கிறேன், அதன் வலப்பக்கத்துத் தண்ணீரும் போட்டாகிவிட்டது. அன்றைக்குப் பிரேமைத் துணி சுற்றி வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் கறுப்பு நூலில் கோடுகளாகப் போடும் பிளாக்வொர்க், துணி இழைகளை வெட்டி உருவும் ஹார்டாங்கர், ஜப்பானிய ஓட்டுத்தையலான சஷிகோ எல்லாம் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் புதுத் துணியைக் கையில் எடுத்தாலே அம்மாவின் படகு நினைவுக்கு வருகிறது. முதலில் இதை முடிக்க வேண்டுமா? இல்லை, பக்கத்தில் இன்னொன்று கற்கலாமா? கற்கலாம் என்றால் எது? பாய்மரத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

இழைஎண்ணி:

பாய்மரத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் கையைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன், மரங்கள் இல்லை.

இலையோ தண்ணீரோ ஒரு கட்டம் தள்ளிப் போனால் யாருக்கும் தெரியாது. அதை விட்டுவிடலாம். நேர்கோடு அப்படி இல்லை, தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தும். அதனால் பாய்மரத்தைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் 34 வரிசைத் தண்ணீரையும் சேர்த்துப் பிரிக்க வேண்டியதில்லை. பாய்மரம் இரண்டு கட்ட அகலம்தானே? அதை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். இடப்பக்கம் ஒட்டி இருக்கும் தண்ணீரின் நெடுக்கு வரிசை ஒன்று பாய்மரமாக மாற வேண்டும், பாய்மரத்தின் வலது வரிசை தண்ணீராக மாற வேண்டும். நடு வரிசை இருந்த இடத்திலேயே இருக்கும். 34க்கு இரண்டு, மொத்தம் 68 தையல். தண்ணீர் நிறத்துக்குச் சார்ட்டைப் பார்க்க வேண்டாம், பக்கத்துத் தையல் எந்த நீலமோ அதையே போடுங்கள். வலப்பக்கத்துத் தண்ணீர் கரையைத் தொடும் இடத்தில் ஒரு கட்டம் குறைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். படகின் உடலை மட்டும் மேல்பாதிப் பாய்மரத்திலிருந்து எண்ணி ஆரம்பியுங்கள்.

பிரிக்கும்போது ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பாதீர்கள், ஐடாவின் ஓட்டை அகன்றுவிடும். சின்னக் கத்தரியால் முன்பக்கம் பெருக்கல் குறியின் நடுவில் வெட்டி, பின்பக்கமிருந்து இடுக்கியால் இழுத்தால் பஞ்சு போல வந்துவிடும். ஏழெட்டுத் தையலுக்கு ஒருமுறை நிறுத்தி, அந்த ஓரத்து நல்ல தையலின் நூல்வால் அவிழாமல் பின்னால் செருகிக்கொள்ளுங்கள். பிரித்த நூலைத் திரும்பக் கோக்க வேண்டாம், மினுமினுப்புப் போய்விட்டிருக்கும்.

மரங்களுக்கு வருகிறேன். ஒரு தையலுக்கு ஒருமுறை செருகி வெட்டுவது உங்கள் மாலையைத் தின்கிறது. நூலை வெட்டாமல், அந்த நிறம் அடுத்து எந்தக் கட்டத்தில் வருகிறதோ அங்கே முன்பக்கம் தூக்கி நிறுத்தி வையுங்கள். பார்க்கிங் என்று சொல்வார்கள். 11 நிறத்துக்கு 11 ஊசி இருந்தால் கோக்கும் வேலையும் மிச்சம். தொங்கும் நூல்களைப் பார்த்து முதல் வாரம் மலைப்பாக இருக்கும், அப்புறம் நூலே அடுத்த கட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். முழுக்க நிரம்பும் படம் என்பதால் பின்னால் மூன்று நான்கு கட்டம் தாண்டி நூல் போனாலும் முன்னால் தெரியாது. புது நிறம் ஆரம்பிக்கும்போது ஒற்றை இழையை இரட்டை நீளத்துக்கு வெட்டி, மடித்து, இரு முனையையும் ஊசிக்காதில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் அரைத்தையலைப் போட்டுப் பின்னால் அந்த மடிப்புக்குள் ஊசியை விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும். முடிச்சும் வேண்டாம், செருகலும் வேண்டாம். இரண்டு இழையில் தைப்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

ஒன்று மறந்துவிட்டேன். நீல மார்க்கர் தண்ணீரில் போகும் வகை என்றால், குளிர்ந்த நீரில் அலசிக் கோடு முழுக்கப் போன பிறகே இஸ்திரி போட வேண்டும். சூடு பட்டால் கோடு துணியிலேயே தங்கிவிடும்.

கறுப்புநூல்:

கற்றுக்கொள்ளுங்கள் அக்கா, இன்றைக்கே. எதிலிருந்து என்று கேட்டால் பிளாக்வொர்க் என்பேன். உங்களுக்கு வேண்டிய எல்லாம் கையில் இருக்கிறது. மிச்சமான 14 கவுண்ட் ஐடாவில் உள்ளங்கை அளவு துண்டு, கறுப்பு நூலில் ஒற்றை இழை, 26ஆம் எண் மொட்டை ஊசி, அவ்வளவுதான்.

இதன் உயிர் இரட்டை ஓட்டுத்தையல். போகும்போது ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். முடிந்ததும் முன்னும் பின்னும் ஒரே கோடு. 16ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த மனிதர்களின் காலரிலும் சட்டைக்கை விளிம்பிலும் இந்த வேலை அத்தனை துல்லியமாகத் தெரியும், அதனால்தான் இதை ஹோல்பைன் தையல் என்றும் சொல்கிறார்கள். கர்நாடகத்துக் கசூதி எம்பிராய்டரியில் காவந்தி என்பதும் இதே போக்குவரத்துதான். அதிலும் முடிச்சே கிடையாது, இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கசூதியின் மெந்தி, நாம் போடும் கிராஸ் ஸ்டிச்சேதான். நீங்கள் கற்கப்போவது அந்நியமான ஒன்றில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கை தடுமாறிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் பயணத்தில் என் கோடு ரம்பப்பல் மாதிரி நெளிந்தது. இரண்டு மாதம் இழுவிசைதான் தப்பு என்று நினைத்து இறுக்கி இறுக்கிப் பார்த்தேன். காரணம் வேறு. பழைய தையலும் புதுத் தையலும் ஒரே ஓட்டையைப் பங்குபோடுகின்றன அல்லவா? ஊசி மேலே வரும்போது பழைய நூலின் ஒரு பக்கத்தில் வர வேண்டும், உள்ளே இறங்கும்போது மறுபக்கத்தில் இறங்க வேண்டும். கோடு முழுக்க இதை மாற்றாமல் செய்தால் ஒவ்வொரு தையலும் ஒரே அளவு சாய்ந்து, பார்வைக்கு நேராகிவிடும். அன்றைக்கு ஆறு அங்குலக் கோடு ஒன்று போட்டு, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பக்கம் எது என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காகவே சொல்கிறேன், ஆரம்பியுங்கள்.

கிளை பிரியும் இடம் வந்தால் முதலில் கிளைக்குள் போய்த் திரும்பி வந்துவிட்டுத்தான் மூலக்கோட்டில் தொடர வேண்டும். தைப்பதற்கு முன் பயணத்தைப் பென்சிலால் காகிதத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு கட்டம் பிசகினால் வடிவம் மூடாது, பத்தே நிமிடத்தில் தப்பு தெரிந்துவிடும். 37ஐ 38 ஆக எண்ணிய கைக்கு இது நல்ல பயிற்சி, மூன்று மாதம் கழித்துத் தெரிவதைவிட எவ்வளவோ மேல்.

வெள்ளைத்துணி:

நான் ஹார்டாங்கர் செய்கிறவள். அதனால் உரிமையோடு சொல்கிறேன், இப்போது வேண்டாம், பிளாக்வொர்க்குக்கு அடுத்ததாக வாருங்கள். நான்கு இழை மேல் ஐந்து தையல் போட்டால் ஒரு கட்டு. கட்டுக்கு எதிரில் கட்டு நேராக நிற்க வேண்டும். நின்றால்தான் நடுவில் உள்ள நான்கு துணி இழைகளை வெட்டி உருவ முடியும். எண்ணிக்கை ஓர் இழை பிசகியிருந்தால் வெட்டிய பிறகு துணியே அவிழும், அதைப் பிரித்துத் தைக்க வழி இல்லை. தையல்களின் நுனி வரிசையாக நிற்கும் பக்கத்தில் மட்டும் வெட்ட வேண்டும், பக்கவாட்டில் கத்தரி போகவே கூடாது. வெட்டும் முன் துணியின் நான்கு பக்கமும் எதிர் எதிர்க் கட்டுகளை விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான் இன்றுவரை கத்தரியை எடுக்கிறேன்.

சஷிகோ வேறு மாதிரி. எண்ணிக்கை இல்லை, கோட்டின் மேல் ஓட்டுத்தையல்தான். பிரேமும் வேண்டாம். நீள ஊசியில் துணியைச் சுருக்கிச் சுருக்கிக் கோத்து, ஒரே இழுப்பில் இழுத்து, கட்டை விரலால் நீவிவிட வேண்டும். முன்னால் தெரியும் தையல் சற்று நீளம், இடைவெளி சற்றுக் குறைவு, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு. மூலை திரும்பும்போது பின்னால் நூலைச் சிறிது தளர விடாவிட்டால் துணி சுருங்கிப் போகும். மரங்களில் கண் களைத்த நாட்களுக்கு இது நல்லது.

படகு பற்றி ஒரு வார்த்தை. நாளைக்கே பிரேமை வெளியே எடுங்கள். தைக்காவிட்டாலும் கண் முன்னால் இருக்கட்டும்.

கடல்நீலம்:

மூவருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வந்தேன்.

அன்றிரவே பிரேமை எடுத்தேன். இழைஎண்ணி சொன்ன கணக்கில் ஒரு சிறு மாற்றம். என் பாய்மரத்தின் இடது வரிசை வெளிர்பழுப்பு, வலது வரிசை கரும்பழுப்பு, வெயில் ஒரு பக்கம் படுவது போல. அதனால் நடு வரிசையும் நிறம் மாற வேண்டியிருந்தது, 68 இல்லை, 102. இரண்டு மாலை வெட்டிப் பிரித்தேன். கத்தரியை முதல் தையலில் வைத்தபோது கை நடுங்கியது, பத்தாவது தையலுக்குப் பிறகு அமைதியாகிவிட்டது. மூன்றாம் மாலை வெளிர்பழுப்பு முழுவதும், நான்காம் மாலை கரும்பழுப்பும் நீலமும். துணியைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து அடிவரை ஒரே மரம்.

மரங்களில் பார்க்கிங் ஆரம்பித்தேன். ஊசி ஒன்பதுதான் இருந்தது, அதற்கே பெரிய வித்தியாசம். இப்போது ஒரு சதுரத்துக்கு ஒன்றரை மாலை. முடிந்தவை 151 இலிருந்து 160. வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் 272க்கு இன்னும் 91 வாரம் வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பார்த்தபோது பயம் வரவில்லை. இதற்கு முன் எனக்கு ஓர் எண்ணிக்கையே இல்லாமல் இருந்தது.

பிளாக்வொர்க் துண்டும் ஒன்று ஓடுகிறது, ஞாயிறு காலைகளில் மட்டும். எட்டு முனை நட்சத்திரம். முதல் தடவை மூடவில்லை, இரண்டாம் முனையில் ஒரு கட்டம் அதிகம். கறுப்புநூல் சொன்னபடி உடனே தெரிந்தது, ஏழு தையலைப் பிரித்ததோடு போயிற்று. ஒன்று கேட்க வேண்டும்: கிளைக்குள் போய்த் திரும்பும் இடத்தில் என் நூல் பின்னால் சின்ன முடிச்சாகத் திரள்கிறது. இழையின் முறுக்கு ஏறுவதாலா? நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டு முறுக்கை இறக்கினால் போதுமா, நூலையே குட்டையாக எடுக்க வேண்டுமா?

அம்மா போன வாரம் வந்திருந்தார். பாய்மரத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்து, அது முடியும் இடத்தில் நிறுத்தினார். இந்த முறை படகைக் கேட்கவில்லை, "இதுக்குக் கீழதானே?" என்று மட்டும் கேட்டார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே மேல்பாதியிலிருந்து இருமுறை எண்ணி, படகு விளிம்பின் முதல் வரிசையை ஆரம்பித்தேன். 23 தையல், அடர்சிவப்பு.

கறுப்புநூல்:

அடர்சிவப்புப் படகா, அருமை! முறுக்குதான் காரணம் அக்கா. ஊசியைத் தொங்கவிடுங்கள், நூலையும் முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கறுப்பு நூல் உரசி உரசிச் சீக்கிரம் நரைத்துப்போகும், அதற்கும் குட்டை நூல்தான் நல்லது. நட்சத்திரம் மூடியதும் பின்பக்கத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும்.