கான்டெராவில் மீத்தேன் சுடர் வேகம் கூடுதலாக வருகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
வணக்கம். எம்.டெக். புராஜெக்டுக்காக ஒரு மாதமாகக் கான்டெரா (எரிதல் வேதிவினைகளைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டுகிறேன். மீத்தேன், காற்று, ஈக்விவலன்ஸ் ரேஷியோ 1 (எரிபொருள் முழுதும் எரியச் சரியான அளவு காற்று), வெப்பநிலை 300 கெல்வின், 1 அட்மாஸ்பியர். மென்பொருளோடு கூடவே வரும் ஜிஆர்ஐ-மெக் 3.0 என்ற வினைப் பட்டியல் கோப்புதான். லாமினார் சுடர் வேகம் (கொந்தளிப்பில்லாத சுடர் எரியாத வாயுவுக்குள் முன்னேறும் வேகம்) வினாடிக்கு 38 செ.மீ. பக்கம் வர வேண்டும், எனக்கு 45 வருகிறது. எரர் எதுவும் இல்லை. ஐந்து நாளாக அந்தக் கோப்பிலுள்ள வினைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்களேன்.

பதில் 1:
தம்பி, அந்த 325 வினைகளையும் விட்டுவிடுங்கள், அவற்றில் தப்பில்லை. கிரிட்டில், அதாவது சுடரின் குறுக்கே கணக்குப் போடும் புள்ளி வரிசையில், எத்தனை புள்ளி இருக்கிறது என்று பாருங்கள். நானும் ஆரம்பத்தில் இதே இடத்தில்தான் மாட்டினேன். வெப்பநிலை வரைபடத்தைக் கோடாகப் போட்டால் அழகாகத்தான் தெரியும். புள்ளிகளாகப் போட்டுப் பாருங்கள். எனக்கு 300-லிருந்து 2,200 கெல்வின் வரை ஏறும் இடத்தில் நான்கே புள்ளிகள் இருந்தன. சுடரின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதற்குள் நான்கு புள்ளி எப்படிப் போதும்? புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தால், எரியாத பக்கத்துக்கு வெப்பம் நிஜத்தைவிட அதிகமாகக் கசிகிற மாதிரி கணக்காகிவிடும். வேகம் கூடுவது அதனால்தான்.

எங்கே புள்ளிகளைக் கூட்டுவது என்று முடிவு செய்வது ரிஃபைன் அளவுகோல். அதில் ஸ்லோப் (பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே மதிப்பு எவ்வளவு மாறலாம்), கர்வ் (சரிவு எவ்வளவு மாறலாம்) இரண்டும் தானாக 0.8-ல் இருக்கும், அது ரொம்பத் தளர்வு. ரேஷியோ (பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளின் விகிதம்) 3, ஸ்லோப் 0.06, கர்வ் 0.12 வையுங்கள். அப்புறம் ஸ்லோப், கர்வ் இரண்டையும் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். வேகம் அசையாமல் நிற்கும்வரை எந்த எண்ணையும் ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னதுதான் காரணம். கூடவே ஒன்று: வேகத்தை எரியாத பக்கத்தின் முதல் புள்ளியில் எடுங்கள். கடைசிப் புள்ளியில் வாயு விரிந்து ஏழு மடங்குக்கு மேல் போயிருக்கும். செறிவு எடுத்தால் கான்டெரா கிலோமோலில் தரும், மோல் என்று நினைத்து ஆயிரம் மடங்கு தப்பிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்:
38-க்கு வந்துவிட்டது! பாதியாக்கியும் அசையவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. அடுத்து இதே கோப்பை வைத்து எல்பிஜி பர்னருக்குப் போகலாமா?

பதில் 1:
வேண்டாம். ஜிஆர்ஐ-மெக் இயற்கை எரிவாயுவுக்காகச் செய்தது. அதன் 53 வேதிப்பொருள்களில் புரொபேன் பெயர் இருக்கிறது, ஆனால் தனிப் புரொபேனை எரிக்க அதை நம்பக் கூடாது என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். பியூட்டேனோ பட்டியலிலேயே இல்லை. நம் சிலிண்டரில் இருப்பதே இந்த இரண்டும்தான்.

யுஎஸ்சி மெக் 2 என்ற வேறு வினைப் பட்டியலை எடுங்கள். நான்கு கார்பன் உள்ள எரிபொருள் வரை போகும். 111 பொருள்கள், 784 வினைகள். கெம்கின் என்ற இன்னொரு மென்பொருளின் வடிவில் கிடைக்கும், கான்டெராவோடு வரும் சிகே2யாம்ல் என்ற கருவி அதை கான்டெரா வடிவுக்கு மாற்றித் தரும். வினை, தெர்மோ (வெப்பப் பண்புகள்), டிரான்ஸ்போர்ட் (வெப்பமும் வாயுவும் பரவும் பண்புகள்) மூன்று கோப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள். டிரான்ஸ்போர்ட்டை விட்டாலும் மாற்றம் நடந்துவிடும், இடத்துக்கு இடம் மாறாத ரியாக்டர் கணக்குகூட ஓடும், சுடர் மட்டும் ஓடாது. மாற்றும்போது இரட்டை வினை என்று எரர் வந்தால், எச்சரிக்கையை அணைக்கும் வழியைத் தேடாமல் அந்த இரண்டு வரிகளையும் திறந்து பாருங்கள். வேண்டுமென்றே இரண்டாக எழுதியதா, தெரியாமல் இரண்டு முறை ஒட்டியதா என்று பார்த்தாலே தெரியும்.

பொருள்கள் கூடினால் நேரமும் நன்றாகவே கூடும். முதலில் தளர்வான கிரிட்டில் ஓட்டிச் சேமித்து, அதிலிருந்து இறுக்குங்கள்.