மூன்றாவது முறையாக சீல் கசிகிறது: பம்பைப் பிரிக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இரவு_ஷிஃப்ட்:
வணக்கம். எங்கள் பிளான்ட்டில் குளிர்நீரைச் சுற்றவிடும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் ஒன்று இருக்கிறது. 55 கிலோவாட் மோட்டார், 1480 ஆர்பிஎம். கேஸிங்கை (பம்பின் வெளிக்கூடு) குழாயிலேயே விட்டுவிட்டு மற்றதைப் பின்பக்கமாக உருவி எடுக்கும் வகை. ஐந்து மாதத்தில் இரண்டு மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல், இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று உரசி அடைக்கும் பாகம்) மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் சொட்டுகிறது. சீலை மாற்றி ஓட்டினால் போதும் என்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. உதவிக்கு நின்று பழக்கம் உண்டு, தனியாகப் பிரிப்பது இதுதான் முதல் முறை. எந்த வரிசையில் பிரிப்பது, எதை அளப்பது? வியாழக்கிழமை பம்ப் கைக்கு வருகிறது.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, உங்கள் மனம் சொல்வது சரி. சீல் அடுத்தடுத்துப் போகிறது என்றால் பெரும்பாலும் குற்றம் சீலில் இருக்காது, அதை ஆட்டிவைப்பது வேறு ஏதோ ஒன்று. அந்தத் தடயம் பம்புக்குள் இருக்கும். அதை நாமே அழித்துவிடக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்பைப் பிரித்து, எல்லாவற்றையும் டீசலில் கழுவிப் பளபளவென்று அடுக்கிவைத்தேன். ஃபோர்மேன் வந்து, "எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து படம் எடுத்து, குறித்துக்கொண்ட பிறகுதான் துணியையே கையில் எடுப்பேன்.

முதலில் பிரேக்கரைப் பூட்டி டேக் மாட்டுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். இரண்டு வால்வையும் அடைத்து, டிரெயினும் வென்ட்டும் திறந்து, தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டதைக் கண்ணால் பாருங்கள். பிரஷர் கேஜ் சைபர் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள், அதன் குழாய் அடைத்திருந்தாலும் சைபர்தான் காட்டும்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற வேலை. பம்பைப் பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் நடுத்துண்டான ஸ்பேசரை மட்டும் கழற்றுங்கள். மோட்டார் பக்க ஹப்பில் (ஷாஃப்ட் நுனியில் இருக்கும் கப்ளிங் பாதி) நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் கேஜைக் கட்டி, அதன் முனையைப் பம்ப் பக்க ஹப்பின் மேல் வையுங்கள். மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு கேஜ் இருந்தால் நல்லது. இப்போது சக்ஷன் ஃபிளேஞ்ச் (தண்ணீர் உள்ளே வரும் குழாய் பம்போடு சேரும் இணைப்பு) போல்ட்டுகளை மெல்லத் தளர்த்துங்கள், அப்புறம் டெலிவரி ஃபிளேஞ்ச். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் குழாய் பம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிற்காது.

பிறகு உருவுங்கள். சுத்தியல் வேண்டாம், பாகத்தைத் தள்ளி வெளியேற்றும் ஜாக் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாகத் திருகினால் தானாக வரும். கேஸிங் கவர், ஹவுசிங் இரண்டிலும் முன்பே கோடு குறித்துவிடுங்கள்.

சீலின் முகங்களை நிதானமாகப் பாருங்கள். ஒடுங்கிய முகம் எவ்வளவு அகலமோ, எதிர் முகத்தில் தேய்ந்த தடமும் அதே அகலம் இருக்க வேண்டும். தடம் அதைவிட அகலமாக இருந்தால் ஷாஃப்ட் ஆடியிருக்கிறது. முகத்தில் மெல்லிய வெடிப்புகள் இருந்தால் தண்ணீர் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கிறது. ஷாஃப்ட்டின் மேல் மாட்டியிருக்கும் ஸ்லீவில் ஓ-ரிங் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் ஸ்லீவை மாற்றிவிடுங்கள்.

ஷாஃப்ட்டைப் பேரிங்கோடு வைத்தே கையால் சுற்றி, சீல் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். அங்கேயும் 0.05தான் என் எல்லை. வேர் ரிங் (தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் கேஸிங்குக்கும் நடுவே தேய்வதற்கென்றே உள்ள வளையம்) இடைவெளியை அளந்து டிராயிங்கோடு ஒப்பிடுங்கள், புதிதாக இருந்தபோது உள்ளதைப்போல் இரண்டு மடங்கு ஆகியிருந்தால் மாற்ற வேண்டும். இம்பெல்லர் இலைகளின் நுழைவாயில் பக்கம் அரித்துக் குழிகுழியாக இருந்தால் கேவிட்டேஷன், அதாவது தண்ணீரில் குமிழிகள் உண்டாகி உடைந்து உலோகத்தை அரித்திருக்கின்றன. அப்படியானால் சக்ஷன் ஸ்ட்ரெய்னரையும் போய்ப் பாருங்கள்.

பேரிங்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெளி ரிங்கின் ஓடுபாதையைப் பாருங்கள். அசையாமல் நிற்கும் ரிங் அது. பளு ஒரே பக்கம் விழுந்திருந்தால் தடமும் ஒரு பகுதியில்தான் இருக்கும். வட்டம் முழுக்கத் தடம் ஓடியிருந்தால் சுற்றும் பாகங்களின் பேலன்ஸைச் சந்தேகப்படுங்கள். தடம் சாய்வாக ஓடியிருந்தால் ஏதோ ஒன்று நேர்கோட்டில் இல்லை.

எண்ணெய்க்கை:
அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்பெல்லர் நட் சில பம்புகளில் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருக வேண்டும். டிராயிங் பார்க்காமல் ஸ்பேனரில் பைப் போட்டு நெம்பினால் ஷாஃப்ட் மரை போய்விடும், நான் ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன். புதுப் பேரிங்கை இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கினால் தானாக ஏறும், தீயில் காட்டாதீர்கள்.

இரவு_ஷிஃப்ட்:
பிரித்துப் பார்த்துவிட்டேன். சக்ஷன் போல்ட்டைத் தளர்த்தியதுமே மேல் கேஜ் 0.22 நகர்ந்தது! உடனே படம் எடுத்துப் பொறுப்பாளரிடம் காட்டினேன். சீல் முகத்தில் தடம் நீங்கள் சொன்னபடியே அகலமாக இருந்தது. ஷாஃப்ட் 0.03, அது பரவாயில்லை. வேர் ரிங் டிராயிங்கில் 0.40, இப்போது 0.55. வெளி ரிங்கில் தடம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. சக்ஷன் குழாயின் கீழுள்ள சப்போர்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே என் விரல் நுழைகிறது, அத்தனை எடையையும் பம்ப்தான் தாங்கியிருக்கிறது. இப்போது சப்போர்ட்டை உயர்த்திவிட்டு அப்படியே மாட்டிவிடலாமா?

பழைய_ஃபிட்டர்:
நல்லது தம்பி, பிடித்துவிட்டீர்கள். வேர் ரிங் இன்னும் ஓடும். பேரிங், சீல், கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் புதிது போடுங்கள். சப்போர்ட்டை உயர்த்தியதும் இரண்டு ஃபிளேஞ்சும் இழுக்காமல், நெம்பாமல் தானாகவே ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும், போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். அப்படி வரவில்லை என்றால் குழாயை வெட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அலைன்மென்ட்டை (மோட்டார், பம்ப் ஷாஃப்ட்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்பது) அதற்கப்புறம் பாருங்கள். போல்ட்டை இறுக்கும்போதும் அந்த டயல் கேஜ் ஹப்பின் மேலேயே இருக்கட்டும்.