செமாய் கிராமத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். அது விசுவாசமா?

மாக் மண்டின் தம்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் மலேசியாவில் பட்டர்வொர்த், மாக் மண்டின் பகுதி. பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். போன மாதம் சபை வாலிபர் குழுவோடு முதல் முறையாக ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களிடையே ஊழியத்துக்குப் போனேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை ஒட்டிய, அவர்களில் செமாய் இனத்தார் வாழும் கிராமம். இரண்டு வேன், பதினாறு பேர். அரிசி, மைலோ, பிஸ்கட், பிள்ளைகளுக்குப் பள்ளிப் பைகள் கொண்டுபோனோம்.

சாமான்களைக் கொடுத்து முடித்ததும் ஊர்க் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடினோம். எங்களில் நன்றாக மலாய் பேசுகிற ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். எல்லாரும் பாவிகள், இயேசு நமக்காக மரித்தார், இன்றே முடிவெடுங்கள் என்று. கடைசியில் "சியாப்பா மாவு தெரிமா யேசுஸ்?" என்று கேட்டார். யாருக்கு இயேசுவை ஏற்றுக்கொள்ள வேண்டும்?

எல்லாரும் கை தூக்கினார்கள். முப்பத்து நான்கு பேர். ஒரு தாய் மடியில் இருந்த குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கினார்.

வேனில் திரும்பும்போது பலர் அழுதார்கள், நானும் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் 34 ஆத்துமாக்கள் என்று அறிவித்தார்கள். ஆனால் இரண்டு விஷயங்கள் என்னை விடவில்லை. கிளம்புமுன் சாமான் ஏற்ற உதவிய ஒரு பையன், "போன மாதம் வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கும் கை தூக்கினோம்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். இன்னொன்று, ஓர் அம்மா என்னிடம் "டோசா என்று சொன்னீர்களே, அது புனான் மாதிரியா?" என்று கேட்டார். மலாயில் பாவத்துக்கு டோசா என்பது தெரியும். புனான் என்ன என்று தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். அது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் பெற்றது விசுவாசமா? இந்த நம்பிக்கையைக் கேள்விப்பட்டே இராத மக்களிடம் பாவம், மீட்பு என்பதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய தலைமையாசிரியர்:

தம்பி, அந்த அம்மாவின் கேள்வியை மறக்காமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி.

நான் புக்கிட் மெர்தாஜாம். தமிழ்ப்பள்ளியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், வயது 71. பதினான்கு வருடங்களாக ஒரே ஒரு செமாய் கிராமத்துக்குப் போய் வருகிறேன். முதல் தடவை நானும் உங்களைப் போல வேனில்தான் போனேன். நானும் எண்ணினேன். 51 என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதியும் போட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடி போனபோது நாங்கள் பேசிய எதுவும் அங்கே ஒருவர் நினைவிலும் இல்லை. ஆனால் முதல் தடவை நான் இருமிக்கொண்டே இருந்ததை நினைவில் வைத்து, "இருமல் போய்விட்டதா?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

புனான் என்னவென்று ஒரு பாட்டிதான் எனக்குச் சொன்னார். அதற்கே மூன்று வருடம் ஆனது. ஒருவர் மனதார ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டு, அது அவருக்குக் கிடைக்காமல் போனால், அந்த ஏக்கமே அவருக்கு ஆபத்தாகும். காட்டில் பாம்பு கடிக்கும், மரத்திலிருந்து விழுவார், நோய் வரும். அதனால் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது அவருக்குத் தீங்கு செய்வது போல. யாரையும் கட்டாயப்படுத்துவதும் அவர்களுக்குப் பிடிக்காது. முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வதும் வராது.

இப்போது உங்கள் கூடத்தை நினைத்துப் பாருங்கள். பதினாறு பேர் கண்கலங்கக் கேட்கிறீர்கள். இரவில் மலைச் சாலையில் வேன் ஓட்டிக்கொண்டு பட்டர்வொர்த் திரும்பவேண்டும். அந்தப் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டாமா?" என்றார். எங்கள் 51 பேர் கை தூக்கியது எங்களுக்காக என்று அன்றுதான் புரிந்தது. அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் மேல் கோபத்தில் இல்லை. எங்கள் மேல் இவ்வளவு அன்பு வைத்தவர்களுக்கு நாங்கள்தான் அன்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தோம்.

உங்கள் கேள்வியில் வந்த "மாவு" (மலாயில் 'வேண்டும்') என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. உதவிக்கு ஆட்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் அமைத்து, பரதவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். அதில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்று இருந்தது. எனக்கு வேணும் கடவுள். பிறகு விஷயம் தெரிந்ததும், அந்தச் சொல்லை மாற்றும்படி தன் உடன் ஊழியருக்குக் கடிதம் எழுதினார். ஜப்பானிலும் அப்படித்தான். 1549-ல் ககோஷிமாவில் இறங்கி, கடவுளுக்கு "டைனிச்சி" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது ஒரு புத்தரின் பெயர் என்று தெரியவந்ததும் விட்டுவிட்டு, "டேயுஸ்" என்ற லத்தீன் சொல்லையே சொன்னார். இத்தனை பெரியவருக்கே நேர்ந்தது. ஆனால் தெரிந்த பிறகு அவர் திருத்தினார்.

டோசா என்ற சொல்லை நான் முதல் இரண்டு வருடம் பேசவே இல்லை. இரவில் அடுப்பைச் சுற்றி அவர்கள் கதை சொல்வார்கள், நானும் கதை சொல்வேன். ஒரு தடவை காணாமல் போன ஆட்டின் உவமையைச் சொன்னேன். அங்கே செம்மறி ஆடு யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் அமைதியாக இருந்தார்கள். அப்புறம் ஒரு பெரியவர், "அப்படியானால் அவர் ருவாயைத் தேடிப் போகிறவர்" என்றார். ருவாய் என்பது அவர்கள் நம்பிக்கையில் நெற்றியில் இருக்கிற உயிர். பறவை போலப் பயந்த சுபாவம் அதற்கு. திடுக்கிட்டால் விலகிப் போய்விடும், பிள்ளை நோயில் விழும். அப்போது ஹலாக் எனப்படும் வைத்தியர் இருட்டில் சேவாங் என்ற சடங்குப் பாட்டைப் பாடி அதைத் திரும்ப அழைப்பார்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் யோசித்தேன். இரண்டும் ஒன்றல்ல, அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் பயந்து விலகிப்போன ஒன்றைத் தேடி ஒருவர் இருட்டில் போகிறார் என்பதை அவர் என்னைவிட ஆழமாகப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இருவரும் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

செந்தூல் அக்கா:

ஐயா எழுதியதோடு என் பக்கத்தையும் சொல்கிறேன். நான் கெடாவில் தோட்டத்தில் பிறந்தவள், இந்துக் குடும்பம். 24 வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். எங்கள் லயத்துக்கு ஊழியக்காரர்கள் பலர் வந்திருக்கிறார்கள். ஒரு குழு முனியாண்டி கோயிலைக் காட்டி "இது பிசாசு" என்றது. அம்மா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவர்கள் எங்கள் வீட்டில் கதவு திறந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அம்மா அதன் பிறகு பல வருடம் வேதாகமத்தைத் தொடக்கூட விடவில்லை.

பின்னால் வந்த ஓர் அம்மையார், எங்கள் பாட்டி பாடும் மாரியம்மன் தாலாட்டை உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டார். ஒரு வருடம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு அவர் பேசியபோது பாட்டியே என்னைக் கூப்பிட்டு "நீயும் வந்து கேளு" என்றார்.

தம்பி, அரிசியை முதலில் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். அரிசி கொடுங்கள், தேவை இருக்கிறது. வேறொரு நாளில் கொடுங்கள்.

விதைக்கிறவன்:

மன்னிக்கவும், நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் பதினான்கு வருடம் காத்திருந்தால் கேட்காமலே போகிறவர்கள் கதி என்ன? அந்த 34 பேரில் ஒருவர் உண்மையாகவே தொடப்பட்டிருக்கலாம். வாலிபர்களின் வைராக்கியத்தை அணைத்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம், நடைமுறையானது. மலேசிய அரசியலமைப்பின் 11(4) பிரிவுப்படி முஸ்லிம்களிடையே மற்ற மதப் பிரச்சாரத்தை மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம். தாப்பா இருக்கிற பேராக் மாநிலத்தில் அப்படிச் சட்டம் உண்டு. ஒராங் அஸ்லி கிராமங்களில் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தீர்கள் என்றால் முதலில் ஊர்த் தலைவரான தோக் பாத்தினிடம் விசாரித்தீர்களா?

பழைய தலைமையாசிரியர்:

கடைசிக் கேள்வி மிக முக்கியம், நானே எழுதியிருக்க வேண்டும். பாத்தினிடம் கேட்காமல் ஒரு பாட்டுக்கூடப் பாடக்கூடாது.

வைராக்கியத்தைப் பற்றி: அதை அணைக்க எனக்கு விருப்பமே இல்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. அவரைவிட வைராக்கியம் உள்ளவர் யார்? அவர் முதலில் செய்தது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் ஆனா ஆவன்னா எழுதியது. அந்த வேகம்தான் எனக்கும் வேண்டும். வேனுக்குச் செலவாகிற வேகத்தை மொழிக்குச் செலவிடுங்கள் என்கிறேன்.

பூலாவ் தீக்குஸ்:

நான் கத்தோலிக்கன், இடையில் ஒன்று சொல்லலாமா? 1808-ல் எங்கள் பகுதிக்கு வந்த பினாங்கு குருமடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த இம்பேர், சாஸ்தான் என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் 1839-ல் கொரியாவில் கொல்லப்பட்டார்கள். சிறுவயதில் இவர்கள்தான் கொரியாவுக்கு விசுவாசம் கொண்டுபோனார்கள் என்று நினைத்திருந்தேன். அது தவறு. கொரியர்கள் தாங்களே புத்தகம் படித்து, விவாதித்து, தங்களில் ஒருவரை பெய்ஜிங்குக்கு அனுப்பி 1784-ல் ஞானஸ்நானம் பெறச் செய்தார்கள். முதல் குரு அங்கே போனது அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான். அவர்களே தேடினார்கள். தம்பியிடம் புனான் பற்றிக் கேட்ட அந்த அம்மாவும் தேடித்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. முப்பத்து நான்கு பேரில் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தானே?

மாக் மண்டின் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்களுக்காகத்தான் கை தூக்கினார்கள் என்ற இடத்தில் அதற்கு மேல் படிக்க முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

நேற்று எங்கள் குழுத் தலைவரிடம் பேசினேன். முதலில் வருத்தப்பட்டார். பையன் சொன்னதையும் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாத அறிக்கையில் 34 என்ற எண்ணைப் போடவேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். முஸ்லிம் குடும்பங்கள் இருந்தார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்கவே இல்லை.

வருகிற சனிக்கிழமை நானும் இன்னொரு நண்பரும் மட்டும் காரில் போகிறோம். முதலில் பாத்தின் வீடு. அவர் சரி என்றால் அந்த அம்மாவைப் பார்த்து, அன்று எனக்குத் தெரியாமல்தான் சிரித்தேன் என்று சொல்லி, புனான் பற்றி அவரிடமே கேட்கப் போகிறேன். ஐயா, செமாயில் "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்பதை எப்படிச் சொல்வது? தனிச் செய்தியில் குரல் பதிவாக அனுப்ப முடியுமா?